வெயில் காலத்துல டயர்ல காத்தைக் குறைக்கணுமா?

"என் காருக்கு எவ்வளவு காத்து வைக்கணும்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பதில் உங்க கார்லயே இருக்கு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பாருங்க, தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்ல பெட்ரோல் டேங்க் மூடிக்குப் பின்னாடி இருக்கும். ஆள் கம்மின்னா எவ்வளவு, முழு லோடுன்னா எவ்வளவுன்னு பெரும்பாலும் ரெண்டு கணக்கு போட்டிருப்பாங்க. என் கார்ல நாலு சக்கரத்துக்கும் 33 பிஎஸ்ஐ. முழு லோடுக்குப் பின் சக்கரம் 36.

டயரோட பக்கவாட்டுலயும் ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும், 44, 51ன்னு. அது அந்த டயர் தாங்கற உச்சபட்ச அளவு. அதைப் பார்த்துக் காத்தடிச்சுடாதீங்க.

இதெல்லாம் தெரிஞ்சும் நான் ஒரு தப்பு பண்ணினேன். போன மே மாசம் சென்னையிலிருந்து கோவில்பட்டிக்குக் கிளம்பினோம். அம்மா, அப்பா, மனைவி, பொண்ணு, டிக்கி நிறைய சாமான். முதல் நாள் சாயங்காலம் எங்க தெரு முனையில 33 வெச்சதோட சரி, பின் சக்கரத்துக்கு 36 வைக்கணும்னு தோணவே இல்லை. மத்தியானம் திருச்சிகிட்ட பெட்ரோல் போட நின்னப்போ, காத்தடிக்கிற பையன் செக் பண்ணிட்டு, "சார், 39 காட்டுது. இந்த வெயில்ல வெடிச்சிடும், 30க்கு இறக்கிடறேன்"னான். எனக்கும் பயம். சரின்னுட்டேன்.

இங்கதான் விஷயமே இருக்கு. ஸ்டிக்கர்ல போட்டிருக்கிறது டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்கவேண்டிய அளவு. அதாவது வண்டி குறைஞ்சது மூணு மணி நேரம் நின்னிருக்கணும், இல்லைன்னா ஓரிரு கிலோமீட்டருக்கு மேல ஓடியிருக்கக் கூடாது. டயர் ஓட ஓட சூடாகும், உள்ளே இருக்கிற காற்று விரியப் பார்க்கும், பிரஷர் ஏறும். சுமாரா 5, 6 டிகிரி சூட்டுக்கு 1 பிஎஸ்ஐ. அப்போ 33 வெச்ச டயர், 30 டிகிரி சூடேறினா 39 காட்டுறது சரியான கணக்கு. டயரை வடிவமைக்கிறவங்க இந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் கணக்கு போடறாங்க. சூட்டுல 30க்கு இறக்கினா, மறுநாள் காலையில அது 25 ஆயிடும். 36 இருக்கவேண்டிய இடத்துல 25!

காத்து கம்மியானா டயரோட பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துலயும் கூடுதலா மடங்கி நிமிரும். அந்த மடங்கலே சூட்டை உண்டாக்கும். நெடுஞ்சாலையில வெடிக்கிற டயர்களுக்கு இது ஒரு முக்கியமான காரணம். வெயிலுக்குப் பயந்து காத்தை இறக்கறோமே, அதுவே டயரை இன்னும் சூடாக்குது.

ஊர்ல ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். திரும்பக் கிளம்பற அன்னிக்கு, பின்னாடி இடது டயர் சப்பையா தெரியுதுன்னு அப்பாதான் கவனிச்சார். பஞ்சர் கடை அண்ணாச்சி கழட்டிப் பார்த்தா ஆணியும் இல்லை, ஓட்டையும் இல்லை. டயருக்குள்ள கைவிட்டு எடுத்துக் காட்டினார். விரல் பூரா கறுப்புத் தூள், உள்பக்கம் தேய்ஞ்சு உதிர்ந்த ரப்பர். "தம்பி, பெரியவங்கள ஏத்திட்டு இத வச்சு மெட்ராஸ் போகாதீங்க"ன்னார். அன்னிக்கே ரெண்டு பின் டயரையும் மாத்தினேன். அம்மாகிட்ட காரணத்தைச் சொல்லவே இல்லை.

இப்போ சொந்தமா ஒரு பிரஷர் கேஜ் வெச்சிருக்கேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி செக் பண்றேன். பங்க் மீட்டரை நான் முழுசா நம்பறதில்லை, எத்தனை தடவை கீழே போட்டிருப்பாங்களோ! வழியில சூட்டோட காத்தடிச்சே ஆகணும்னா, ஸ்டிக்கர் அளவை விட 4 பிஎஸ்ஐ கூட வெச்சுட்டு, மறுநாள் காலையில சரி பண்ணிக்கறேன்.

நைட்ரஜன் போடலாமான்னும் கேட்டிருந்தீங்க. சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். போடறதுன்னா போடுங்க, ஆனா அதுக்கும் இதே செக்கிங் உண்டு. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்க. என்னோடதுல அன்னிக்கு 18தான் இருந்துச்சு.

அடுத்த எபிசோடுல டயர் எந்த வருஷம் தயாரிச்சதுன்னு அதுல இருக்கிற நாலு இலக்கத்தை வெச்சு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு பார்க்கலாம்.