வலைக்கு மேலே எழுந்தவள்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வாலிபால் பற்றிப் பேசுறேன்னு சொன்னதும் தோழர் கொஞ்ச நேரம் ஒண்ணுமே சொல்லலை. பிறகு, சரி, எதையாவது பேசுங்கன்னுட்டார். ஆகவே எதையாவது பேசுகிறேன்.

எங்க சேரியில் சாயங்காலமானா இரண்டு மூங்கிலை நட்டு, கிழிஞ்ச மீன்வலையைக் கட்டி ஆடுவோம். கபடிக்கு ஊர்க்காரப் பையன்கள் எங்களோடு சேர மாட்டார்கள். அது தொட்டுப் பிடிக்கிற ஆட்டம். வாலிபாலில் நடுவில் வலை இருக்கு, உடம்பு உரசாது. அதனால் அதுக்கு மட்டும் எப்போதாவது வருவார்கள். பந்து ரெண்டு பக்கமும் போய்வந்தது. பந்துக்குத் தீட்டு கிடையாது போல.

அந்த வலைக்கு மேலே எழுந்து அடித்த ஒரு கறுப்புப் பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஃப்ளோரா ஜீன் ஹைமன். ஃப்ளோ என்றுதான் கூப்பிடுவார்கள். 1954இல் பிறந்தவர். கலிபோர்னியாவில் இங்கிள்வுட் என்கிற ஊரில் வளர்ந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா ரயில்வேயில் துப்புரவு வேலை பார்த்தவர். அம்மா சிற்றுண்டிக் கடை வைத்திருந்தவர். அப்பாவின் வேலையைச் சொன்னதும் இங்கே சில பேர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். கடல் தாண்டியும் துடைப்பம் யார் கைக்குப் போகுது என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

பன்னிரண்டு வயதிலேயே ஆறடி. பதினேழு வயதில் ஆறடி ஐந்து அங்குலம், அதாவது 196 சென்டிமீட்டர். ஒரு பெண்பிள்ளை அவ்வளவு உயரமாக இருந்தால் தெரு என்ன பேசும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூச்சத்தைத் தாண்டித்தான் அவர் மைதானத்துக்கு வந்தார்.

அவர் எப்படி மேலே வந்தார் என்பது முக்கியம். திறமை இருந்தது, வந்தார் என்று விளையாட்டுப் பத்திரிகைக்காரர்கள் முடித்துக்கொள்வார்கள். விஷயம் அப்படியில்லை. 1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. டைட்டில் நைன் என்று பெயர். ஆங்கிலத்தில் மொத்தம் 37 வார்த்தைகள். அரசு பணம் வாங்குகிற எந்தக் கல்வித்திட்டத்திலும் பெண் என்பதற்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பதுதான் சாரம். அதற்குப் பிறகுதான் கல்லூரிகளில் விளையாட்டுப் பெண்களுக்குப் பணம் மெல்ல வர ஆரம்பித்தது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்காக உதவித்தொகை பெற்ற முதல் பெண் ஃப்ளோ ஹைமன்தான். ஆறடி ஐந்து அங்குலம் அதுக்கு முந்தியும் ஆறடி ஐந்து அங்குலம்தான். கதவு திறந்த பிறகுதான் அது 'தகுதி' ஆனது.

நான் வேலை பார்க்கிற வங்கியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். மத்தியானம் மூணு மணிக்கு பிராக்டிஸுக்குப் போவார்கள். அவர்கள் லெட்ஜரில் கூட்டல் தப்பினால் 'ஆட்டக்காரர், பாவம்' என்பார்கள். நான் ஒரு சைபர் தப்பாகப் போட்டால் 'கோட்டா' என்பார்கள். இரண்டுமே ஒதுக்கீடுதான். ஒண்ணுக்குக் கைதட்டல், இன்னொண்ணுக்கு முணுமுணுப்பு. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறாமையும் இருக்கலாம், அதை விடுங்க.

பட்டப்படிப்பை முடிக்காமலே ஃப்ளோ தேசிய அணிக்குப் போய்விட்டார். அப்போது அமெரிக்கப் பெண்கள் வாலிபால் அணிக்கு உலகத்தில் ஒரு மரியாதையும் கிடையாது. 1976 ஒலிம்பிக்குக்குத் தகுதிகூடப் பெறவில்லை. ஆரி செலிங்கர் என்கிற பயிற்சியாளரின் கீழ் அணி மறுபடி கட்டப்பட்டது. ஃப்ளோவுக்கு ஸ்மாஷ் அடிப்பது வரும். தரையில் விழுந்து பந்தை எடுப்பதுதான் வரவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து தரையில் பாய்வது பயம். அதைப் பழக அவருக்கு வருஷக்கணக்கானது. 1978 உலகப் போட்டியில் அணி ஐந்தாவது இடம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதியும் பெற்றுவிட்டது.

அப்போது சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போயிருந்தது. ஜனாதிபதி கார்ட்டர், ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கிறோம் என்றார். ஆட்டக்காரர்களை யார் கேட்டார்கள்? வல்லரசுகளின் சண்டையில் ஒரு கறுப்புப் பெண்ணின் உச்ச வயதிலிருந்து நாலு வருஷம் கழிந்தது. ஃப்ளோ விடவில்லை. 1981 உலகக் கோப்பையில் சிறந்த ஸ்பைக்கர் விருது. 1982இல் பெருவில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். சீனாவிடம் நேர் செட்டுகளில் தோற்றார்கள். வெள்ளிப் பதக்கம். அமெரிக்கப் பெண்கள் வாலிபாலில் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அப்போது அவருக்கு வயது முப்பது.

அதே 1984இல் இன்னொரு விஷயம் நடந்தது. குரோவ் சிட்டி கல்லூரி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் டைட்டில் நைனின் பல்லைப் பிடுங்கியது. அரசு பணம் எந்தப் பிரிவுக்கு நேரடியாகப் போகிறதோ அந்தப் பிரிவுக்கு மட்டும்தான் சட்டம் பொருந்தும் என்றது தீர்ப்பு. விளையாட்டுத் துறைக்கு நேராகப் பணம் வரவில்லையா, அங்கே பெண்களை ஒதுக்கலாம். நிறவெறிக்கு எதிரான சட்டத்துக்கும் அதே கதி. நீதிமன்றம் எப்படிச் சட்டத்தை உயிரோடு வைத்தே சாகடிக்கும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

பதக்கம் வாங்கியவர் வீட்டில் உட்காரவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் துணைவியார் கொரெட்டா, விண்வெளிக்குப் போன சாலி ரைடு ஆகியோரோடு சேர்ந்து, அந்தச் சட்டத்தை மீட்கும் மசோதாவுக்காக வாஷிங்டனில் ஆதரவு திரட்டினார். தனக்குத் திறந்த கதவு பின்னால் வருகிறவளுக்கு மூடக் கூடாது என்று நின்றார். மேலே போனதும் ஏணியை உதைக்கிறவர்கள் நம்மிடமும் உண்டு. பெயர் சொன்னால் கூட்டம் கலையும்.

பிழைப்புக்கு ஜப்பான் போனார். அங்கே கம்பெனிகள்தான் அணி வைத்திருக்கும். 1964 டோக்கியோவில் தங்கம் வாங்கிய ஜப்பான் அணியில் பெரும்பாலோர் ஒரு நூற்பாலை அணியின் பெண்கள். ஃப்ளோ ஆடியது டையெய் என்கிற பல்பொருள் அங்காடிக் கம்பெனிக்கு. 1986 ஜனவரி 24, மாட்சுவே நகரில் ஆட்டம். மாற்று ஆட்டக்காரர் இறங்க, இவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சத்தமில்லாமல் சரிந்தார். அவ்வளவுதான். முப்பத்தோரு வயது.

முதலில் மாரடைப்பு என்றார்கள். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து பரிசோதித்தபோதுதான் மார்ஃபான் என்கிற பிறவிக் குறைபாடு தெரிந்தது. கை, கால், விரல் நீளும். ஆள் உயரமாவார். உள்ளே இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயின் சுவர் பலவீனமாகும். அவருக்கு அது கிழிந்திருந்தது. எந்த உயரத்தைப் பல்கலைக்கழகமும் தேசமும் கம்பெனியும் கொண்டாடினவோ, அந்த உயரத்துக்குள்தான் சாவு இருந்தது. அத்தனை வருஷம் அளந்தார்கள், எவ்வளவு உயரம் எழும்புகிறார் என்று. நெஞ்சுக்குள்ளே என்ன இருக்கு என்று யாரும் பார்க்கவில்லை.

நம்ம சாந்தியை நினைத்துக்கொள்கிறேன். புதுக்கோட்டை கத்தக்குறிச்சி, செங்கல் சூளைத் தொழிலாளி மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். உடனே அவருடைய உடலைச் சோதித்தார்கள், பெண்தானா என்று. பதக்கத்தைப் பிடுங்கினார்கள். பறிக்கிறதுக்குச் சோதனை உடனே நடக்குது. காப்பாத்துறதுக்கு நடக்கலை.

மசோதா 1988இல் சட்டமானது. ரீகன் நிராகரித்து அனுப்பியதை மீறி, மார்ச் 22ஆம் தேதி, இரண்டு அவைகளும் நிறைவேற்றின. ஃப்ளோ செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவர் செத்த பிறகு குடும்பத்தையும் சோதித்தார்கள். ஒரு தம்பிக்கும் அதே குறைபாடு இருந்தது. அவருக்கு இதய அறுவை சிகிச்சை செய்தார்கள், பிழைத்துக்கொண்டார்.