மோட்டார் ஏறாத மலையூர்



மும்பையிலிருந்து புனே செல்லும் இருப்புப் பாதையில் நேரல் என்றொரு நிலையம் உண்டு. அதற்கு மேலே, சஹ்யாத்ரி மலைத்தொடரில், சுமார் 800 மீட்டர் உயரத்தில், செம்மண்ணும் அடர்ந்த காடுமாக விளங்குவது மாத்தேரான். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் 5,000 பேருக்கும் குறைவே. ஆயினும் அவ்வூருக்குத் தனி நகராட்சி மன்றம் உண்டு.

1850-இல் தாணே கலெக்டராயிருந்த மாலெட் துரை இம்மலையைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். 1907-இல் ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, 2 அடி அகலப் பாதையில் சிறு ரயிலை மலையேறச் செய்தனர். ரயில்வே ஊழியராகிய நமக்கு இது பெருமை தரும் செய்தியன்றோ! 2005-ஆம் ஆண்டுப் பெருமழையில் சிதைந்த அப்பாதை 2007-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

மோட்டார் வண்டிகள் ஊரின் எல்லையிலேயே நின்றுவிடும். அதனால் காடு பிழைத்தது. விருந்தினர் வருகையே ஊரின் பிழைப்புமாயிற்று. ஆனால் அரிசி மூட்டை முதல் செங்கல் வரை குதிரை முதுகிலும் மனிதர் தலையிலுமே சென்றன. விருந்தினரையும் மனிதரே ரிக்‌ஷாவில் வைத்து இழுத்தனர். இது மனித மாண்புக்கு ஒவ்வாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் கைரிக்‌ஷாவை நிறுத்துமாறும், இழுத்தோர்க்கு மின்ரிக்‌ஷா வழியே மறுவாழ்வளிக்குமாறும் 2025 ஆகஸ்டில் ஆணையிட்டது.

காட்டைக் காக்கும் கட்டுப்பாடு ஏழையின் முதுகை ஒடிப்பதாக இருத்தலாகாது. விடுமுறைக்கு அங்கே செல்லும் நாம், நடக்க வல்லோர் நடப்போம். சுமப்போர்க்குக் கூலியைப் பேரம் பேசாது கொடுப்போம்.