நினைவும் நோக்கமும்

(பொன் விழாவை முன்னிட்டு நடந்த கருத்தரங்கில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன் விழா என்பது நினைவுகூரும் விழா. கடந்த 50 ஆண்டுகளில் இறைவன் நமக்குச் செய்த நன்மைகளை நினைத்து நன்றி கூறவே நாம் கூடியிருக்கிறோம். ஆகவே நினைவு என்பது யாது, அது நம் உள்ளத்தில் எவ்வாறு இயங்குகிறது என்று உளநூலார் ஆராய்ந்து கண்டவற்றை இன்று சிறிது சிந்திப்போம்.

நினைவைப் பற்றி ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் நம் புனித அகுஸ்தினார் முன்னோடி. தம் வாழ்வை இறைவன் முன் அறிக்கையிட்ட நூலின் பத்தாம் புத்தகத்தில் நினைவை ஒரு பரந்த மாளிகைக்கு அவர் ஒப்பிடுகிறார். அழைத்தவுடன் வருபவை சில, தேடிய பின் வருபவை சில, வேண்டாதபோது முண்டியடித்து வருபவை சில என்றும் விளக்குகிறார். நம் அனைவருக்கும் இது அனுபவம் அன்றோ?

ஜெர்மன் நாட்டு எபிங்ஹாஸ் என்பவர் 1885-ஆம் ஆண்டில் நினைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேல் மறைந்தது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. ஆனால் ஒரு மாதம் சென்ற பின்னும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது. மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நடக்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பயின்றால் நினைவு நிலைக்கிறது. திருச்சபை ஆண்டுதோறும் அதே திருநாள்களைக் கொண்டாடச் சொல்வதிலும், மறைக்கல்வி வகுப்பில் அதே மந்திரங்களைப் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் சொல்வதிலும் உள்ள பயன் இதனால் விளங்குகிறது.

ஆயினும் எஞ்சியது மாறாமல் இருக்கிறதா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பார்ட்லெட் 1932-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதற்கு விடை தருகிறது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயரைப் படிக்கச் செய்து, பின்னர் நினைவிலிருந்து சொல்லச் செய்தார். தமக்கு விளங்காததை அவர்கள் விட்டுவிட்டார்கள். மற்றதைத் தம் வழக்கத்திற்கேற்ப மாற்றினார்கள். கடல்நாய் வேட்டை வெறும் மீன்பிடிப்பாயிற்று! எவரும் ஏமாற்ற எண்ணவில்லை. நினைப்பது என்பது பெட்டியிலிருந்து பொருளை எடுப்பதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவதாகும். கட்டும்போது நம் விருப்பும் வெறுப்பும் கொத்தனாராகின்றன.

1974-ஆம் ஆண்டில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இருவர் வாகன விபத்துப் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினர். 50 பேரிடம், வாகனங்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டனர். வேறு 50 பேரிடம் ‘இடித்தபோது’ என்று கேட்டனர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று வினவினர். முதல் பிரிவில் 16 பேரும் இரண்டாம் பிரிவில் 7 பேரும் கண்டதாகக் கூறினர். படத்திலோ உடைந்த கண்ணாடியே இல்லை! கேள்வியில் வந்த ஒரு சொல் நினைவையே மாற்றிவிட்டது.

இதை எதற்காகச் சொல்கிறோம்? இந்த மலருக்காகப் பெரியவர்களிடம் செய்தி திரட்டினோம். 30 ஆண்டுகளுக்கு முன் தேர்ப் பவனியில் எழுந்த வழக்கைப் பற்றி இரண்டு தெருவினரும் இரண்டு வரலாறு சொன்னார்கள். தேரை மறித்தவர் யார், முதலில் கை ஓங்கியவர் யார் என்பதில் ஒருவர் சொல் மற்றவர் சொல்லுக்கு நேர்மாறு. இரு பக்கமும் நாள்தோறும் செபமாலை சொல்லும் முதியோர். பொய் சொல்ல அஞ்சுபவர்கள். அதைவிட வருந்தத்தக்கது, அன்று பிறந்திராத இளைஞரும் கண்ணால் கண்டவர் போலப் பேசுவது. இன்றும் ஒரு தெருவின் துக்க வீட்டிற்கு மறு தெருவினர் போவதில்லை.

எனவே மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, எழுதி வையுங்கள். நம் ஞானஸ்நானப் பதிவேடும் கணக்குப் புத்தகமும் சொல்வதை 50 ஆண்டு கழித்தும் அப்படியே சொல்லும். நம் உள்ளம் அப்படிச் சொல்லாது.

இரண்டாவது, பிறர் நினைவையும் கேளுங்கள். எதிர்த் தெருவினர் வேறு விதமாகச் சொன்னால், உடனே பொய்யர் என்று தீர்ப்பிட வேண்டாம்.

மூன்றாவது, நோக்கத்தைச் சோதியுங்கள். பசித்தவன் கண்ணுக்குத் தெருவில் உணவு விடுதிதான் முதலில் படும். பழி தேடும் உள்ளத்திற்கும் பழைய காயமே முதலில் நினைவுக்கு வரும். ‘இதை நான் இப்போது எதற்காக நினைக்கிறேன்?’ என்ற கேள்வியை இரவு ஆன்ம சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் அநீதிக்கு ஆளானவரின் வாயை அடைக்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். நினைவு சில வேளை தவறும் என்பதால் நடந்தது நடக்காததாகிவிடாது. உண்மையாகவே அடிபட்டவர் இருக்கிறார்; அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்பது நம் கடமை. மன்னிப்பு என்பது மறதியன்று. நினைவை வேறொரு நோக்கத்தோடு ஏந்துவதே மன்னிப்பு.

நாம் நாள்தோறும் ஒப்புக்கொடுக்கும் திருப்பலியும் ஒரு நினைவுதானே! ஆண்டவர் பட்ட பாடுகள் எதையும் நாம் மறைப்பதில்லை. ஆனால் பழிவாங்க அன்று, ஒரே அப்பத்தைப் பகிரவே அவற்றை நினைவுகூர்கிறோம்.

வரும் ஞாயிறு மாலை, செபமாலைக்குப் பின், இரு தெருப் பெரியவர்களும் பங்கு மனைக்கு வர அன்போடு அழைக்கிறோம். இருவர் சொல்வதும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதப்படும். எவர் சொல்லும் விடப்படாது. நூற்றாண்டு விழா காணப்போகும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஏட்டை விட்டுச்செல்வோம், வழக்கை விட்டுச்செல்லாதிருப்போம்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!