குளிர் நாட்டில் கீரைத் தோட்டம்



சனத்நகரில் கீரைக்குப் பஞ்சம் இல்லை. பக்கத்தில் எர்ரகட்டா ரைத்து பஜார் இருக்கிறது. அங்கே மார்கழியிலும் கீரை கிடைக்கும். ஆனால் இதே இந்தியாவில், குளிர்காலத்தில் ஒரு பிடி கீரைக்கு ஏங்கிய ஊர்கள் உண்டு. அவை லடாக்கில் இருக்கின்றன.

லடாக் இமயமலையில் உள்ளது. அங்கே பெரிய ஊர் லே. அதன் உயரம் சுமார் 11,500 அடி. குளிர்காலத்தில் தண்ணீர் உறையும். மண் கல்லாக இறுகும். முன்பெல்லாம் மலைச் சாலைகளைப் பனி மாதக்கணக்கில் மூடிவிடும். காய்கறி விமானத்தில் வர வேண்டும். ஏழைகளால் அதை வாங்க முடியுமா? உருளைக்கிழங்கைக் குழியில் சேமித்தார்கள். கீரையைக் காய வைத்துச் சாப்பிட்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பச்சைக் கீரை கிடைக்கவில்லை.

ஆனால் அங்கே ஒன்று நிறைய இருக்கிறது. அதுதான் வெயில்.

வெயிலில் நிற்கும் பஸ்ஸைப் பாருங்கள். கண்ணாடிகளை மூடியிருந்தால் உள்ளே எப்படி வேகிறது! வெயில் உள்ளே போகிறது. சூடு வெளியே போக முடியவில்லை. பசுமைக்குடிலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

மூன்று பக்கம் மண்கல் சுவர் கட்டுகிறார்கள். சுவர் இரண்டு அடுக்காக இருக்கும். நடுவில் வைக்கோல் அடைப்பார்கள். அது சூட்டை வெளியே விடாது. தெற்குப் பக்கம் மட்டும் கனமான பிளாஸ்டிக் தாள். ஏன் தெற்கு? குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. உள்சுவரில் கறுப்புப் பூசினால் அது பகலில் சூட்டை வாங்கிக்கொள்ளும், இரவில் திருப்பித் தரும். விறகும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

சுவர் கட்ட வசதி இல்லையா? மூன்றடி ஆழத்தில் குழி தோண்டி, மேலே கம்பும் பிளாஸ்டிக் தாளும் போடலாம். லேயில் 1962-ல் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கியது. எல்லையில் நிற்கும் வீரர்களுக்குக் காய்கறி விளைவிப்பது அதன் நோக்கம். இந்தக் குழி முறையை அது மக்களுக்கும் சொல்லிக் கொடுத்தது. சுவர்க் குடில்களை ஊர் ஊராகப் பரப்பிய ஜெரஸ் என்ற தொண்டு நிறுவனத்துக்கு 2009-ல் ஆஷ்டன் விருது கிடைத்தது.

குடிலைக் கட்டினால் மட்டும் போதாது. நடுப்பகலில் கதவைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் தங்கிச் செடிக்கு நோய் வரும். வெயில் சாயும் முன் மூட வேண்டும். ராத்திரியில் மேலே கம்பளி போர்த்த வேண்டும். ஒரு நாள் மறந்தாலும் செடி கருகிவிடலாம். இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போக மிஞ்சிய கீரையை விற்கிறார்கள். அந்தக் காசு அவர்கள் கைக்கு வருகிறது.

சனத்நகரில் இந்தக் குடில் வேண்டாம். இங்கே பிளாஸ்டிக் போட்டால் செடி வெந்துவிடும். சித்திரை வெயிலில் கீரைத் தொட்டிக்கு நிழல்தான் வேண்டும். ஒரு பழைய சேலையைப் பந்தல்போலக் கட்டினாலும் போதும்.

உங்கள் வீட்டில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது? எத்தனை மணி நேரம் நிற்கிறது? நாளைக்குப் பாருங்கள். நோட்டில் எழுதி வையுங்கள். கீரைத் தொட்டியை எங்கே வைப்பது என்று அப்போது தெரியும்.