ஆங்கிலச் சம்பாஷணையில் அபிப்பிராயம் சொல்லும் முறை



ஆங்கிலத்தில் உரையாடும்போது, பிறர் சொன்னதன்மேல் நம் அபிப்பிராயத்தை எவ்வாறு சொல்வது என்பதே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள். இலக்கணம் பிழையாமல் எழுதவல்ல நம் இளைஞர் பலர், நேர்முகப் பரீட்சையில் வாய் திறந்தவுடன் மரியாதை தெரியாதவர் என்ற பெயரை வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டில் அவர்கள் தமிழ் பேசக் கேட்டவர்கள் இதை நம்பமாட்டார்கள். பின் பிழை எங்கே?

மரியாதை குடியிருக்கும் இடம் மொழிக்கு மொழி வேறு. "நீங்கள் சொல்வது சரியில்லைப் போலக் கிடக்கு, ஐயா" என்கிறோம். 'நீங்கள்' என்பதிலும் 'ஐயா' என்பதிலும் பணிவு வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ பெரியவருக்கும் சிறியவருக்கும் 'யூ' ஒன்றுதான். முன்பு 'தௌ' என்றோர் ஒருமைச் சொல் வழங்கிற்று. 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர், மனிதரெல்லாரும் சமம் என்று கூறி, பிரபுக்களையும் 'தௌ' என்றே விளித்து ஏச்சும் அடியும் வாங்கினர். பின்னர் அச்சொல் பொதுப் பேச்சினின்றும் மறைந்து, பழைய பிரார்த்தனைகளிலும் சில நாட்டுப்புற வழக்குகளிலும் ஒதுங்கிவிட்டது. முன்னிலைச் சொல்லால் காட்டமுடியாத பணிவை ஆங்கிலேயர் வாக்கியத்தின் வாசலிலே வைக்கிறார்கள்.

"யூ ஆர் றோங்" என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அது முகத்தில் அறைந்தது போன்றது. "ஐ ஆம் நொட் ஷுவர் அபவுட் தட்" என்பார் ஆங்கிலேயர். அதைப்பற்றி எனக்கு நிச்சயமில்லை என்பது சொற்பொருள். நான் ஒப்பவில்லை என்பதே உட்பொருள். "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹீ இஸ் அவுட்" என்று காரியாலயத்தில் சொன்னால், அங்கே ஒருவரும் பயப்படவில்லை; ஆள் இல்லை என்ற ஏமாற்றச் செய்தியை மெத்தெனச் சொல்கிறார்கள். "வித் றெஸ்பெக்ட்" என்று தொடங்கினால் அடுத்து வருவது மறுப்பு. "வித் த கிறேட்டெஸ்ட் றெஸ்பெக்ட்" என்றாலோ, மரியாதை வளர்ந்த அளவுக்கு மறுப்பும் வளர்ந்திருக்கிறது என்று கொள்க.

'வெல்' என்ற சிறு சொல்லையும் கவனியுங்கள். கைமாற்றாக நூறு ரூபா கேட்கிறீர்கள், எதிரிலிருப்பவர் "வெல்..." என்று இழுக்கிறார். மீதியைக் கேளாமலே எழுந்து வரலாம். நம்மவர் "அது வந்து..." என்று இழுப்பதும் இதே வேலைக்குத்தான்.

இனிப் பாராட்டு. "நொட் பாட்" என்பதை அரைகுறைப் புகழ்ச்சி என்று எண்ணி மனம் நோக வேண்டாம். நம் ஊரில் சமையல் நன்றாயிருந்தால் "பிழையில்லை" என்று சொல்லுவோமே, அதே சங்கதி. 'குவைட் குட்' என்பதிலே எச்சரிக்கை வேண்டும்: பிரித்தானியர் வாயில் பெரும்பாலும் 'ஓரளவு நன்று', அமெரிக்கர் வாயில் 'மிக நன்று'. 'நைஸ்' என்பதற்கோ பெரிய சரித்திரமே உண்டு. அறியாதவன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, முதலில் 'மூடத்தனமான' என்று நின்று, மெல்ல மெல்ல 'இனிய' என்றாயிற்று. எல்லாவற்றுக்கும் 'நைஸ்' போடுவதை ஜேன் ஒஸ்டின் 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நோர்தாங்கர் அபி' நாவலிலேயே கேலி செய்துவிட்டார். நம் பிள்ளைகள் இன்னும் விடவில்லை.

நம் பக்கத்தில் அதிகம் இடறும் சொல் 'ஒவ் கோர்ஸ்'. வேண்டுகோளுக்குப் பதிலாக வந்தால் அது அன்பான சம்மதம். ஒருவர் விவரம் கேட்கும்போது அப்படிச் சொன்னால், 'இதுகூடத் தெரியாதா?' என்று தொனிக்கும். கேள்வி கேட்கும் மேலதிகாரியிடம் இதைத் தவிர்த்து 'யெஸ்' என்பதே நலம்.

இத்தனை சொன்னதால் ஆங்கிலமே நுட்பமான மொழி என்று கருதிவிடாதீர்கள். "அவர் வந்தாராம்" என்கிறோம். நான் கண்டதல்ல, கேள்விப்பட்டது, பொறுப்பு என்னுடையதல்ல என்பதெல்லாம் 'ஆம்' என்ற ஒரு விகுதியில் அடங்கிவிட்டது. இதற்கு ஆங்கிலேயர் 'அப்பாறன்ட்லி' என்றோ 'தே சே' என்றோ தனிச்சொல் தேட வேண்டும். "வந்தாரே", "வந்தாரோ", "வந்தார்தானே" என்பவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் முயன்றால் பொழுதும் போகும்.