மேசைக்கு வரட்டும் அந்த அறிக்கை



எனக்கு முன்னால் பேசியவர்கள் பசுமை நூலகம் பற்றிச் சொன்னார்கள். கூரையில் சோலார் தகடு, வாசலில் மரக்கன்று, ஜூன் 5 அன்று ஓவியப் போட்டி. தாராளமாகச் செய்யுங்கள். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் பசுமைக் கட்டடத்துக்கான லீட் தங்கச் சான்று வாங்கியது, நமக்கும் பெருமைதான். ஆனால் நூலகம் பச்சையாக இருந்து ஊர்க் கிணறு நாறிப்போனால், அந்தச் சான்றையா காய்ச்சிக் குடிப்பது?

கிணற்றைக் காக்கவும் நூலகத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை என்று 2006-இல் மத்திய அரசு ஒன்று போட்டது. அதன் பட்டியலில் உள்ள பெரிய சுரங்கமோ ரசாயன ஆலையோ வருவதற்கு முன் பொதுவாக மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை மக்கள் பார்வைக்கு வைக்கும் இடங்களில் ஒன்றாகப் பொது நூலகத்தையும் அந்த அறிவிக்கையே சொல்கிறது. நம் கிளை நூலகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். ஒரு கைகூட எழவில்லையே!

கருத்துக்கேட்பு நாளில் என்ன நடக்கிறது? ஷாமியானா போடுகிறார்கள், வாசலில் போலீஸை நிறுத்துகிறார்கள். "எங்க கிணறு என்னாகும்?" என்று ஒரு விவசாயி கேட்கிறார். "அதெல்லாம் அறிக்கையில் இருக்கிறது" என்கிறார்கள். அறிக்கை எங்கே? கலெக்டர் ஆபீஸில். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப் போய்த்தான் அவர் படிக்க வேண்டும்.

அதே சுருக்கம் தினத்தந்திக்குப் பக்கத்தில் மேசைமேல் கிடந்தால்? சாயங்காலம் பிள்ளை வாசிக்கும், அப்பா கேட்பார். தினம் எத்தனை ஆயிரம் லிட்டர் நிலத்தடி நீரை உறிஞ்சப் போகிறார்கள், கழிவுநீர் எந்த ஓடையில் கலக்கும் என்பது தெரியும். ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலைத் தரிசு என்று எழுதியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். அதில் மாடு குளிப்பாட்டியவர் போதும்.

நூலகத்தில் அரசியலா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஐயா, கம்பெனியே தயாரித்த அறிக்கையைத்தான் வைக்கச் சொல்கிறோம். அதைப் படித்தாலே அரசியல் என்றால், ஒளிப்பதற்குப் பெயர் என்ன?

1931-இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். வண்டி மாடு போன ஊருக்கு இன்றைக்கு நாற்பது பக்கத் தாள் போகாதா? காசில்லை என்றும் சொல்ல முடியாது. 1948-இல் வந்த நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். ஒன்று: அந்த 30 நாளில் முதல் நாளே தமிழ்ச் சுருக்கம் பாதிக்கப்படும் பகுதியின் ஒவ்வொரு நூலகத்துக்கும் வர வேண்டும். இரண்டு: நம் ஏரி, குளம், மேய்ச்சல் புறம்போக்கின் வரைபடங்களுக்கும் மழைக் கணக்குக்கும் ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும். மூன்று: நம் நூலக வாசகர் வட்டம் அறிக்கையை உரக்க வாசித்து, ஊராரின் ஆட்சேபணையை எழுதி, கெடு முடிவதற்குள் அனுப்ப வேண்டும்.

முதல் இரண்டையும் நூலக ஆணைக்குழுவிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கேட்போம். மூன்றாவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோம்.