என்ன ஆனார்?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மாற்றத்தைக் குறிக்கும் ஆங்கில வினைகளுள் மிகவும் எளிமையானது 'பிகம்'. அகராதியைத் திறந்தால் 'ஆகு' என்று ஒற்றைச் சொல்லில் பொருள் கிடைக்கும். மாணவர் அத்துடன் அகராதியை மூடிவிடுவார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் நான் கண்டது ஒன்று உண்டு. ஒரு வினையின் பொருளை அறிவது வேறு. அதன் பழக்கவழக்கங்களை அறிவது வேறு.

முதலில் அதன் பிறப்பைப் பார்ப்போம். 'பிகம்' என்பதற்குள் 'கம்', அதாவது 'வா' என்ற வினை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு ஓரிடத்துக்கு வந்துசேர்தல் என்றே பொருள். பின்னர்தான் ஒரு நிலைக்கு வந்துசேர்தல் என்று பொருள் விரிந்தது. இதன் உறவுச் சொல் ஜேர்மன் மொழியில் 'பெறுதல்' என்ற பொருளில் வழங்குகிறது. ஒரே வேரிலிருந்து கிளைத்த இரு சொற்கள் இரு வேறு நிலைகளுக்கு வந்துசேர்ந்திருக்கின்றன.

இனி அதன் பயன்பாடு. ஒருவர் ஆசிரியர் ஆனார், தலைவர் ஆனார் என்னும் இடங்களில் ஆங்கிலமும் தமிழும் கைகோத்து நடக்கின்றன. பண்பைச் சொல்லும்போது வழி பிரிகிறது. வானம் சிவந்தது, தலை நரைத்தது, உடல் மெலிந்தது, பழம் கனிந்தது என்கிறோம். தமிழில் பண்பே வினையாகிவிடுகிறது. ஆங்கிலமோ பெரும்பாலும் பண்புச் சொல்லை ஒருபுறம் வைத்து, அதற்கு முன்னால் 'பிகம்' போன்ற ஒரு வினையை நிறுத்துகிறது. இதை உணராத மொழிபெயர்ப்பாளர் 'வானம் சிவப்பாக மாறியது' என்று எழுதுவார். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் 'சிவந்தது' என்ற ஒரு சொல்லில் இருந்த உயிர் அதில் இல்லை. நமது பத்திரிகைகளிலும் கதைகளிலும் இந்த 'மாறியது' பெருகிவிட்டது. எழுத வரும் இளைஞர்கள் இதனைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

'பிகம்' என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஒருவருக்குப் பொருந்துதல், அழகு செய்தல் என்பது அது. சேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் கோடோர் பிரபு துரோகக் குற்றத்துக்காகக் கொல்லப்படுகிறான். அவன் சாவை எதிர்கொண்ட விதத்தை அரசனிடம் எடுத்துரைக்கும் மல்கம் இந்த வினையைத்தான் கையாள்கிறான். அந்த இடத்தில் 'ஆனான்' என்று பொருள்கொண்டால் ஒன்றும் விளங்காது. 'அவனுக்குத் தகுதியாக அமைந்தது' என்று கொண்டால்தான் ஒளி பிறக்கும். நமக்கு இது புதுமையன்று. 'இந்தச் சாப்பாடு எனக்கு ஆகாது', 'மாமிக்கும் மருமகளுக்கும் ஆகாது' என்று நாம் சொல்லும்போது, நமது 'ஆகு' வினையும் பொருத்தத்தைப் பற்றித்தானே பேசுகிறது?

நேயர்களே, இச்சொல்லின் மூன்றாவது முகத்தைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். 'அவர் என்ன ஆனார்?' என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். ஆனால் அங்கே 'அவர்' எழுவாய் அல்லர். 'என்ன' என்பதே எழுவாய். அவர் அதற்குப் பின்னால் 'ஒவ்' என்ற சிறு சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். அவர் எதுவும் செய்யவில்லை. ஏதோ ஒன்று அவருக்கு நேர்ந்திருக்கிறது என்பது அந்த வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

காலமும் இங்கே முக்கியம். இக்கேள்வியைச் சாதாரண இறந்தகாலத்தில் கேட்டால், அது என்றோ முடிந்துபோன விடயம் என்ற தொனி வரும். பழைய பள்ளித் தோழர் ஒருவரைப் பற்றி விசாரிப்பது போல. 'ஹாஸ்' என்ற துணைவினையைச் சேர்த்துக் கேட்டால், விடயம் இன்னும் முடியவில்லை, விடை இன்று வேண்டும் என்று பொருள்படும். ஒரு துணைவினைதான் வித்தியாசம்.

2017 ஆம் ஆண்டில் ஒரு தாய் என்னிடம் வந்தார். போர் முடிந்து எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. மகனைப் பற்றி ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும் என்றார். "மாஸ்ரர், என்ர பிள்ளை என்ன ஆனானோ தெரியேல்லை. அதைக் கேட்டு எழுதுங்கோ" என்றார். அருகில் இருந்த ஓர் இளைஞர் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த பிரதியைக் காட்டினார். அதில் வினை சாதாரண இறந்தகாலத்தில் இருந்தது. நான் 'ஹாஸ்' சேர்த்துத் திருத்தினேன். ஏன் என்று கேட்ட தாய்க்கு விளக்கினேன்: "முதலில் எழுதினது முடிஞ்ச கதையைக் கேட்கிற மாதிரி, அம்மா. இது முடியாத கதை." அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

அந்தத் தாய் இலக்கணம் படித்தவர் அல்லர். ஆனால் 'ஆனான்' என்று அவர் சொல்லவில்லை, 'ஆனானோ' என்றார். நன்னூலார் ஓகார இடைச்சொல்லுக்குச் சொல்லும் எட்டுப் பொருள்களில் வினாவும் உண்டு, கழிவிரக்கத்தைக் குறிக்கும் கழிவும் உண்டு. இரண்டும் அந்த ஓர் எழுத்தில் கலந்திருந்தன. அந்த ஓகாரத்தை முழுமையாக ஏந்திக்கொள்ள ஆங்கிலத்தில் ஓர் எழுத்து இல்லை. அதன் வினாவைத் திறந்து வைத்திருக்க மட்டும் அந்தச் சிறு துணைவினை உதவுகிறது.

சட்டமும் இந்த வேறுபாட்டைக் காலம் தாழ்த்தியேனும் உணர்ந்தது. 2016 இல் இலங்கையில் கொண்டுவரப்பட்ட திருத்தம், காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக வேறொரு சான்றிதழைப் பெறவும் வழிசெய்தது. அவரைக் காணவில்லை என்று அது கூறும். இறந்துவிட்டார் என்று கூறாது. இறந்தகாலத்தில் முற்றுப்புள்ளி வைக்க மனமில்லாதவர்களுக்கு அது ஒரு துணைவினை போன்றது.

ஆகவே, ஆங்கிலம் கற்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். சொல்லின் பொருளை மட்டும் மனனம் செய்யாதீர்கள். அது எந்தக் காலத்தில் நிற்கிறது, யாரை எழுவாயாக்குகிறது, யாரைப் பின்னால் நிறுத்துகிறது என்று பாருங்கள். நாளை உங்களிடமும் யாரேனும் ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டு வரலாம். அவருடைய கேள்வியை நீங்கள் அறியாமலே மூடிவிடக் கூடாது.